துண்டு வீசிய பிறகு

கமெண்ட் பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இதை ஒரு வேலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். "நாள் பூரா போனை நோண்டுறதுக்குச் சம்பளமா?" என்று என் தங்கை வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, ஓர் அரசியல் செய்திக்குக் கீழே வந்து விழுந்ததையெல்லாம் படிக்கச் சொன்னேன். பாதியிலேயே காபி குடிக்கப் போகிறேன் என்று எழுந்தவர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியும் வரவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. மதுரையில் ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை இணையத்துக்கும் முகநூலுக்கும் போனபோது, "கமெண்ட்டும் கடிதம்தானே, நீங்களே பாருங்கள்" என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். எங்கே கடிதம்! கடிதம் எழுதுகிறவர் பேனா தேட வேண்டும், உறை வாங்க வேண்டும், தபால் பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். அந்த நடையிலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும். கமெண்ட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கோபம் சூடு ஆறாமல் நேராக நம் மேஜைக்கு வந்துவிடும்.

என்னைப் பொறுமைசாலி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவள் இந்த வேலையில் தாக்குப்பிடித்தது எப்படி என்று நீங்கள் கேட்டால், ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற நாள் அது.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களெல்லாம் விடியும்போதே வலையும் கூடையுமாகக் கரையில் வந்து நின்றுவிடுவார்கள். ஊர்த் தலைவரை அந்தப் பக்கம் அம்பலம் என்பார்கள். அவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவர் கால்கூடத் தண்ணீரில் படக் கூடாது. துண்டு வீசியதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கிவிடுவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத் தின்றுவிட வேண்டும். விற்றால் அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிடும் என்பது நம்பிக்கை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், அந்தத் திருவிழாவை எங்கள் பகுதி நிருபர் வீடியோ எடுத்து அனுப்ப, எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டோம். நல்ல வீடியோ. சேற்றில் புரண்டு எழுந்தவர்கள், வழுக்கி விழுந்தவர்கள், விழுந்தவர்களைப் பார்த்துச் சிரித்து விழுந்தவர்கள் என்று பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. அதில் ஓர் இடத்தில் பிபின் வந்தார். ஒடிசாக்காரர். அந்த ஊர் எல்லையில் இருக்கும் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, தன் பாஷையில் ஏதோ கத்திவிட்டு, கேமராவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். அவர் பின்னால் ஆலைக்காரர்கள் இன்னும் சில பேர் நின்றார்கள்.

அந்தச் சிரிப்பை மட்டும் எவனோ வெட்டி எடுத்து, "நம்ம கண்மாயைக் கொள்ளையடிக்கும் வடக்கன்" என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டான். மறுநாள் காலையில் நான் கணினியைத் திறந்தபோது, பார்த்தவர்களெல்லாம் மூலத்தைத் தேடி எங்கள் பக்கத்துக்கே வந்து இறங்கியிருந்தார்கள்.

என்னவெல்லாம் எழுதியிருந்தார்கள் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். பான் போட்டுத் துப்புகிறவன், குளிக்காதவன், திருடன், டிக்கெட் எடுக்காமல் ரயிலில் வந்தவன். பிபினின் பல்லைப் பற்றி ஒருவர், நிறத்தைப் பற்றி இன்னொருவர். வடக்கே எங்கோ இருந்து இதையெல்லாம் படித்த யாரோ பதிலுக்கு, "மதுரைக்காரன் எல்லாம் அருவா தூக்குற ரவுடிதானே" என்று எழுதிவிட்டார். வந்ததே கோபம் நம்மவர்களுக்கு! "ரெண்டு சினிமாவைப் பாத்துட்டு ஊரையே ரவுடிங்கிறியா? எவனோ ஒருத்தன் பண்றதுக்கு அம்புட்டுப் பேரையும் பேசுவியா?" என்று ஒருவர் பொங்கியிருந்தார். நியாயமான கேள்வி. அதே ஆள் கொஞ்சம் மேலே, "வடக்கன் எல்லாமே திருட்டுப் பயலுக" என்று எழுதியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது அரிசி ஆலை முதலாளியின் போன் வந்தபோதுதான். யாரோ ஒருவர் ஆலையின் பெயரையும் வழியையும் கமெண்ட்டில் போட்டு, "வாங்கடா, போய்க் கேப்போம்" என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, நீங்கதான் அந்த வீடியோ போட்டவுகளா?"

"ஆமா சார். சொல்லுங்க."

"காலையிலருந்து போன் மேல போனு. பைக்குல பயலுக வந்து மில்லு கேட்டு முன்னாடி நிண்டு போட்டோ புடிச்சிட்டுப் போறாய்ங்க. நாளைக்கு மில்லைக் கொளுத்திப்புட்டா உங்க பேப்பரா வந்து நிக்கும்? நான் முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் அம்புட்டுப் பேரையும் மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோய் மெட்ராஸ் பஸ்ல ஏத்திவிட்டுருவேன்."

"அவுங்க என்ன சார் தப்புப் பண்ணாங்க?"

"ஒரு தப்பும் பண்ணல. அந்தப் பிபின் பொண்டாட்டி புள்ளையோட இருக்கான். அந்தப் பாப்பா இங்கன பால்வாடியில நம்ம புள்ளைகளோட தமிழ் பேசிக்கிட்டுத் திரியுது. எனக்கும் பாவமாத்தேன் இருக்கு. அதுக்காக நான் அடி வாங்க முடியுமா?"

போனை வைத்துவிட்டார். நிருபரிடம் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேன். ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆனால் போலீஸ் வந்து கேட்டில் நின்றாலும், அந்த முதலாளி பயத்தில் அவர்களை பஸ் ஏற்றத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஊரே நம்மை விரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு குடும்பம் போகும். ஊருக்கோ விஷயமே தெரியாது.

எங்கள் இணையப் பிரிவுக்குப் பொறுப்பாசிரியர் செந்தில். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், சட்டென்று பதறிவிடுவார்.

"அக்கா, வீடியோவைத் தூக்கிருவோம்க்கா."

"தூக்கினா? வெட்டின வீடியோ ஊரெல்லாம் சுத்துது. முழுசு நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. அதையும் தூக்கிட்டா, 'பாத்தியா, உண்மைங்கிறதாலதான் தூக்கிட்டாய்ங்க'ன்னு ஆயிரும்."

"அப்ப கமெண்ட்டையாவது மூடிருவோம்."

"மூடினா வேற இடத்துல போயித் திட்டுவாய்ங்க செந்தில். அங்க பதில் சொல்ல நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாருங்கக்கா. அதுக்கு மேல சென்னை ஹெட் ஆபீஸ்லருந்து போன் வந்துரும். என்னால தாங்க முடியாது."

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருப்புப் பிடித்த மாதிரி கமெண்ட் வரும்போது, மேலேயிருந்து வரிசையாகப் படித்து அழிக்கத்தான் கை போகும். போக விடாதீர்கள். நான் முதலில் ஆலையின் பெயரும் வழியும் இருந்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். அடுத்தது, வா போவோம், அடிப்போம் என்று ஆள் சேர்த்தவை. அவற்றின் நகலை நிருபர் வழியாகக் காவல் நிலையத்துக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகு பிபினையும் மற்றவர்களையும் கேவலப்படுத்தியவை. நிறத்தைச் சொன்னதும் போனது, மதுரைக்காரனை ரவுடி என்றதும் போனது. நம் ஆள், அந்த ஆள் என்று தராசைச் சாய்த்தால் அப்புறம் நீங்கள் எடுத்ததற்கு மதிப்பே இருக்காது.

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதி, கீழே என் பெயரைப் போடுவது என் வழக்கம். முகமில்லாத இயந்திரம் அழித்தால் ஜனங்களுக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆனால் பெயரைப் போட்டால் அதற்கான கூலியும் கிடைக்கும். அன்றைக்கு "கண்மாய்ச்சிங்கம்" என்ற பெயரில் ஒருவர் கர்ஜித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதினார்: "ஸ்டெல்லாவா? ரொட்டிக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறின கூட்டம். உனக்கு எங்க மண்ணைப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குக் காது சுட்டது. என் அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தா. மண்ணைப் பற்றித் தெரியாதாம்! பிறந்ததிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர் வெயிலில் வெந்து, இந்த ஊர் பஸ்ஸில் இடிபட்டவள் நான். விரல் தானாகவே ஓடி, அந்தச் சிங்கத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஒரு பதில் தட்டிவிட்டது. அருமையான பதில். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அனுப்பவில்லை. அனுப்பினால் அன்றைய செய்தி பிபினாக இருக்காது, நானாகிவிடுவேன். பஸ் ஏறப் போவது நானில்லையே. அதனால் அதை அழித்துவிட்டு, "பால் பவுடர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மற்றதை அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் போட்டேன். இரண்டு பேர் சிரித்துவைத்தார்கள். சிங்கம் சிரிக்கவில்லை.

வசவையெல்லாம் வாரிக் கொட்டிய பிறகு அடியில் ஒன்று கிடந்தது. யாரோ ஒரு பெண், கோபமே இல்லாமல் கேட்டிருந்தார்: "அந்த ஊர்க் கண்மாயில் வெளியாட்கள் இறங்கலாமா கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." அவ்வளவுதான். இத்தனை கூச்சலுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வியை ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நிருபரிடம் எண் வாங்கி அம்பலத்தைக் கூப்பிட்டேன். வயல்காட்டில் இருந்தார். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"மில்லு ஆளுகளை நாந்தேன் தாயி வரச் சொன்னேன். எங்க கண்மாய்க் கரையிலதான குடியிருக்காக. துண்டு வீசுனதுக்கு அப்புறம் எறங்குனவனை, நீ யாரு, எந்த ஊருன்னு கேக்குறது எங்க ஊர்ல கெடையாது. கேட்டா அது தெய்வக் குத்தம்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. "ஐயா, இதை அப்படியே கேமரா முன்னாடி சொல்லிருங்க. இப்பவே நிருபரை அனுப்புறேன்."

"எதுக்கு?"

"திட்டுறவங்களுக்குப் பதில் சொல்லணும்ல ஐயா."

"எவனோ எங்கேயோ இருந்து பேசுறதுக்கு நான் எதுக்குத் தாயி பதில் சொல்லணும்? ஊர்க்காரன் கேட்டா சொல்றேன்." வைத்துவிட்டார்.

செந்தில் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அம்பலத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிறகு அவர் சொன்னதையே திருப்பி யோசித்தேன். ஊர்க்காரன் கேட்டால்தானே? சரி, ஊர்க்காரனையே கூப்பிடுவோம். வீடியோவுக்குக் கீழே எல்லாருக்கும் முதலில் தெரிகிற மாதிரி ஒரு கேள்வியை எழுதி உச்சியில் நிறுத்திவைத்தேன்.

"இது அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும். உங்கள் கண்மாயில் துண்டு வீசிய பிறகு இறங்கியவரை, நீ எந்த ஊர் என்று கேட்கும் வழக்கம் உண்டா? மற்றவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ஸ்டெல்லா."

நம்ப மாட்டீர்கள், சத்தம் குறைந்தது. திட்டுவதற்கு எல்லாருக்கும் உரிமை இருந்தது. பதில் சொல்வதற்கு ஒரே ஊருக்குத்தான் உரிமை. அந்த ஊர் வாயைத் திறக்குமா என்று மற்றவர்கள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். நானும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்மாய்ச்சிங்கம்தான் முதலில் பாய்ந்தது. "நான் அந்த ஊர்தான். இந்த வடக்கனுங்க அள்ளிட்டுப் போனதால எங்களுக்குச் சந்தையில விக்க மீனே இல்ல. வயித்துல அடிச்சிட்டானுங்க."

செந்தில் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சுக்கா. ஊர்க்காரனே சொல்லிட்டான்."

"அவன் வாயாலயே மாட்டிக்கிட்டான். கொஞ்சம் பொறு" என்றேன்.

அடுத்த பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. "எந்த ஊர்டா நீ? எங்க கண்மாய் மீனைச் சந்தையில வித்தவன் எங்க ஊர்ல இன்னும் பொறக்கல. நான் பொறந்து வளந்த ஊரு அது. இங்க வெல்டிங் வேலை பாக்குறேன். ரூமுல இடம் இருக்கான்னு கேட்டா, உங்க ஆளுக சமைச்சா நாத்தம் அடிக்கும்னு சொல்லிக் கதவைச் சாத்துவாங்க. அந்த வலி எனக்குத் தெரியும். என் ஊர் பேரைச் சொல்லி இன்னொருத்தனை அப்படிப் பேசாத."

அதற்குப் பிறகு ஊரே வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பெண் வந்தாள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வந்தார். உள்ளூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், முந்தைய வருஷங்களில் வெளியூர்க்காரர்கள் இறங்கிய படங்களை வரிசையாகப் போட்டார். ஒரு அம்மா, "அந்தப் பிபினுக்கு மீன் புடிக்க ஊத்தாக்கூடை குடுத்ததே என் வீட்டுக்காரருதான். அவரு புடிச்சது ஒரு கெளுத்தி. எங்க கூடையை வாங்கிட்டுப் போனவன் விரால் புடிச்சிட்டான். எனக்குக் கோவம்னா அது ஒண்ணுதான்" என்று எழுதியிருந்தார். அலுவலகம் மொத்தமும் என் கணினியைச் சுற்றி நின்று அதைப் படித்துச் சிரித்தது.

சிங்கத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. உன் தெரு எது, அப்பா யாரு, இந்த வருஷம் துண்டு வீசினது யாரு. ஒன்றுக்கும் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுதியதையெல்லாம் அவரே அழித்துக்கொண்டு காணாமல் போனார். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் செந்தில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் போன் அடித்தது. அம்பலம்.

"தாயி, சிங்கப்பூர்லருந்து என் அண்ணன் மகன் கூப்புட்டான். ஊர்க்காரன் கேட்டுட்டான். உன் போட்டோக்காரரை மில்லுக்கு வரச் சொல்லு. நான் அங்கனதேன் போயிக்கிட்டு இருக்கேன்."

நிருபர் லைவ் போட்டார். ஆலை வாசலில் ஒரு வேன் நின்றது. அதில் பைகள் ஏறிவிட்டன. பிபின் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றார். அம்பலத்துக்குப் பின்னால் ஊர் ஆட்கள் ஒரு கூட்டம் வந்திருந்தது. அவர் முதலாளியிடம் நேராகப் போனார்.

"ஏப்பா, இவுகளை ஏத்தி அனுப்பப் போறியாமே?"

"அண்ணே, நான் என்னண்ணே பண்ணட்டும்? பயமா இருக்குல்ல."

"என் கண்மாயில எறங்குனவுகளை ஊரை விட்டு வெரட்டிட்டா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட துண்டு வீசுவேன்? மழைதேன் பெய்யுமா? எவனும் வந்தா என்கிட்ட வரச் சொல்லு. பையை எறக்குங்கப்பா."

ஊர்க்காரர்களே வேனிலிருந்து பைகளை இறக்கினார்கள். பிபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகள் கேமராவைப் பார்த்து, நல்ல மதுரைத் தமிழில், "ஏன் எறக்குறாக? நாங்க ஊருக்குப் போகலியா?" என்று கேட்டாள். ஒரு பெண், "போகல கண்ணு, இங்கனதேன் இருக்கப் போற" என்று அவளை வாங்கிக்கொண்டாள். இங்கே அலுவலகத்தில் செந்தில் மேஜையைத் தட்டிக் கத்தினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அழுது முடித்துவிட்டு, பால் பவுடர் கமெண்ட்டைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருந்த வசவுகளையும் கடைசியாகச் சுத்தம் செய்தேன்.

பிள்ளைகளே, கெட்ட கமெண்ட்டை எடுப்பது நம் வேலையில் பாதிதான். அந்தக் குப்பைக்கு அடியில் யாராவது ஒருவர் நிஜமாகவே ஒன்றைக் கேட்டிருப்பார். அதைக் கண்டுபிடித்து, அதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவரை அழைத்து வந்து உட்காரவைப்பது மீதிப் பாதி. நாமே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அன்றைக்கு வழக்கம் என்ன என்று எனக்குத் தெரியும், அம்பலமே சொல்லிவிட்டார். நான் எழுதியிருந்தால் பத்திரிகைக்காரி சொல்கிறாள் என்று இன்னொரு சண்டை ஆரம்பித்திருக்கும். ஊர் சொன்னதால் ஊர் பெயரைச் சொல்லித் திட்டியவர்களுக்கு நிற்க இடம் இல்லாமல் போனது. எல்லா நாளும் இப்படி ஜெயிக்க முடியாது. ஜெயித்த நாளை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற நாட்களில் வேலைக்கு வரத் தெம்பு இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருஷமும் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிரம்பி, வற்றி, திருவிழா வந்தது. செந்தில் துணிச்சலாகக் கமெண்ட்டைத் திறந்துவைத்தே லைவ் போட்டார். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பிபின் தெரிந்தார். எதிர்பார்த்த மாதிரியே ஒருவர், "இந்த வருஷமும் வடக்கன் வந்துட்டானா?" என்று எழுதினார். பழைய பழக்கம், என் கை பட்டனைத் தேடியது. அங்கே இப்போது எனக்குப் பட்டன் ஏது?

நம் பிள்ளைகள் யாராவது எடுப்பதற்குள் ஊர்க்காரர் ஒருவரின் பதில் வந்துவிட்டது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"உள்ள எறங்குனவன் எல்லாம் எங்க ஊரு. நீ கரையிலயே நில்லு."